முகாம் மக்களுக்காக வழக்காட எங்களுக்குப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

1998ஆம் ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்து, அன்று முதல் சத்தியமங்கலத்தில் தொழில் நடத்தி வருகிறேன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, காசோலை வழக்கு, ஜீவனாம்சம், அடிதடி என்று தாலுகா ஊரில் ஒரு வக்கீலிடம் என்னென்ன வருமோ அவைதாம் என்னிடமும் வருகின்றன. பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பதால் முகாம் மக்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் கட்சிக்காரர்களாக இருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் பலமுறை படித்திருக்கிறேன். அவர்களுக்காகக் கறுப்பு அங்கி போட்டு நிற்கிற எங்களுக்கு அவர்களுடைய குடியுரிமை பற்றிய சட்டம் தெரிகிறதா என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2025 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, முகாமிலிருந்து நான்கு பேர் லட்டுப் பெட்டியுடன் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். "அம்மா, எங்களுக்குக் குடியுரிமை வந்துவிட்டதாம்" என்றார். சொன்னது யார் என்று கேட்டேன். எங்கள் வழக்கறிஞர்களில் ஒருவர்தான் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது வேறு. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அந்த ஆணை. புதிய சட்டத்தில் உரிய ஆவணமின்றி நுழைந்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் கத்தி இனி இவர்கள் தலைமேல் தொங்காது. பெரிய ஆறுதல்தான், ஆனால் குடியுரிமை அல்ல.

இதை நான் சொல்லி முடித்தபோது நால்வரும் பேசவில்லை. மேசைமேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. பிறகு அந்த மூத்தவரே அதைப் பிரித்து என் பக்கம் தள்ளி, "ஜெயில் இல்லை என்பதும் நல்ல செய்திதானே அம்மா, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தவறான செய்தி சொன்ன நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டக் கல்லூரியில் எனக்கும் குடியுரிமைச் சட்டத்தை யாரும் நடத்தவில்லை. அரசியலமைப்புத் தாளில் 5 முதல் 11 வரையுள்ள உறுப்புகளை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிட்டு அடிப்படை உரிமைகளுக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டினர் சட்டம் என்ற பெயரையே நான் முதலில் பார்த்தது ஒரு முதல் தகவல் அறிக்கையில்தான். இவையெல்லாம் தெரியாமல் இருந்ததால் நான் செய்த இரண்டு பிழைகளை இங்கே எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதினால்தான் நான் கேட்பது விளங்கும்.

முதலாவது, ஒரு தகரப் பெட்டி.

2011ஆம் ஆண்டு மகனின் ஏதோ ஒரு சிறு வழக்குக்காக முகாமிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். மலையகத் தமிழர், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அடையாள ஆவணம் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் தகரப் பெட்டியையே தூக்கிவந்து விட்டார். உள்ளே சிங்களத்தில் அச்சிட்ட பிறப்புச் சான்றுகள், தோட்ட நிர்வாகம் கொடுத்த சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் பாலிதீன் பையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, சணல் கயிறு கட்டிய ஒரு சின்னப் புத்தகம். பிரித்தேன். அசோகச் சின்னம். அவருடைய காலஞ்சென்ற கணவருடைய இந்திய பாஸ்போர்ட், 1982ஆம் ஆண்டு கண்டியில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கொடுத்தது. ஈரம் பட்டு ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. படத்தில் இருந்தவர் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"அவர் கப்பலுக்குக் காத்திருந்தார் அம்மா. தோட்டத்துப் பணம் வந்ததும் கிளம்பிவிடலாம் என்று இருந்தோம். பிறகு கப்பலே நின்றுபோய்விட்டது" என்றார் அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வழக்குக் கட்டோடு சேர்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா கட்டின் மேல் 'அடையாளச் சான்று' என்று எழுதினார்.

அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் புரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1948ஆம் ஆண்டு இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் விண்ணப்பித்து, இந்தியக் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வந்தார்கள். அந்த அம்மாவின் கொழுந்தனார் அப்படித்தான் எழுபதுகளில் வந்து கோத்தகிரியில் குடியேறி, தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு, அதாவது இந்த அம்மாவின் கணவருக்கு, 1982இல் பாஸ்போர்ட் வந்தது. சேமநிதிப் பணத்துக்குக் காத்திருந்தபோது 1983 கலவரம் வந்தது. 1984இல் கப்பல் நின்றது. குடும்பம் வவுனியாவுக்கு ஓடியது. 1988இல் அண்ணன் இறந்தார். 1990இல் மனைவியும் பிள்ளைகளும் படகில் ராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் என்ற ஊரில் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்களை அகதி என்று பதிவு செய்தார்கள். அகதிகளுக்கான பதிவேட்டில், சுருட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்க ஒரு கட்டம் இருந்ததா என்பது கூட அந்த அம்மாவுக்கு நினைவில்லை.

இப்போது குடியுரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1992 டிசம்பர் 10க்கு முன்வரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தால், வம்சாவளியால் இந்தியக் குடிமகன். அந்த அம்மாவின் கடைசி மகன் 1983இல் பிறந்தவர். தந்தை 1982இலேயே இந்தியக் குடிமகன். எனவே அந்த மகன் பிறந்த நொடியிலேயே இந்தியன். குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்க வேண்டும். அந்த மனிதர் ஏழு வயதிலிருந்து, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீசாரின் பதிவேட்டில் வெளிநாட்டினராக இருந்திருக்கிறார். ஆதாரம் 2011இல் என் கைக்கு வந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அம்மா 2017இல் இறந்துவிட்டார். பெட்டியை மருமகள் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் 2020இல் அந்தப் பாஸ்போர்ட்டை மறுபடி கையில் எடுக்க முடிந்தது. இன்று அந்த மகனின் மனு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. அதைப் பற்றி மேலே எழுதுவது முறையல்ல.

இரண்டாவது பிழையை ஒரு பெயிண்டருக்குச் செய்தேன். முகாம் இளைஞர்களில் பலர் பெயிண்ட் வேலைக்குத்தான் போகிறார்கள். இவருக்கு அப்போது பத்தொன்பது வயது. 2007ஆம் ஆண்டு டீக்கடை வாசலில் கைகலப்பு. இந்தியத் தண்டனைச் சட்டம் 294(ஆ), 323. நடத்தினால் விடுதலை வாங்கியிருக்கக்கூடிய வழக்கு. ஆனால் வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். நான் அவனிடம் சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன: "நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். உன்னை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு, இன்றோடு முடிந்துபோகும்." கட்டினான். முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்திய வம்சாவளியினரான 65 மனுதாரர்கள் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்ற அந்த உத்தரவுக்குப் பிறகு, பல முகாம்களிலும் மலையகக் குடும்பங்கள் விண்ணப்பம் எழுதத் தொடங்கின. இந்தப் பெயிண்டரும் எழுதினார். குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டார். நான்தானே முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன்? காவல் துறை விசாரணையில் பழைய வழக்கு வெளியே வந்தது. இப்போது அவர் மீது இரண்டு கறை: தண்டனை பெற்றவர், அதை மறைத்தவர். தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போட்டேன். சிறு வழக்குகளின் கட்டுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன. எவ்வளவு அற்பமான சண்டை அது என்று காட்டக்கூட என்னிடம் காகிதம் இல்லை.

2020 பிப்ரவரியில் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு நாள் பயிற்சி நடத்தியது. அங்கேதான் பதில்லா என்பவரின் அமெரிக்க வழக்கைக் கேள்விப்பட்டேன். ஹோண்டுராசில் பிறந்தவர், அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையில் பணியாற்றியவர், லாரி ஓட்டுநர். கஞ்சா கடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அவருடைய வழக்கறிஞர் ஆலோசனை சொன்னார். இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்துவிட்டீர்கள், குடியேற்ற நிலை பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டவுடன் நாடுகடத்தல் வாசலில் வந்து நின்றது. 2010 மார்ச் 31 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை, சொல்லாமல் விட்டால் அவர் தம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த அமெரிக்க வக்கீல் சொன்னதும் நான் டீக்கடைச் சண்டைக்காகச் சொன்னதும் ஏறத்தாழ ஒரே வாக்கியம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனபோது நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு நாளில் நான் கற்றது இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலில் கற்காதது. ஆனால் அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள். முகாம்கள் இருப்பதோ தமிழ்நாடு முழுவதும். 2021இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர். அவர்கள் முதலில் போய் நிற்பது பக்கத்து ஊர் வக்கீலிடம்தான். அந்த வக்கீலுக்குப் பயிற்சி ஆங்கிலத்தில், சென்னையில், பத்தாண்டுக்கு ஒருமுறை என்றால் எப்படி?

இந்தச் சட்டத்தில் நுணுக்கம் எல்லாம் தேதியில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், தாய் தந்தை யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அன்று முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவரானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவரானால் இருவரும் இந்தியராக, அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராக இருக்க வேண்டும். அண்மையில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது இதே தேதிகளைப் பிடித்துக்கொண்டு ஊரே அலைந்ததே, அவை இங்கிருந்து வந்தவைதாம். 1986இல் மண்டபத்தில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்மணி, முதல் தேதியை வைத்துத்தான் 2022இல் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வாக்களித்தார். முகாமில் பிறந்த எத்தனை பேர் அதே நிலையில் இருந்துகொண்டு அது தெரியாமல் இருக்கிறார்கள்? என் கட்சிக்காரர்களிலேயே அக்காள் தங்கை பிள்ளைகள் இருவர், ஒருவர் 1987 மே மாதம், மற்றவர் செப்டம்பரில், ஒரே அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் அல்ல. இந்தியரானவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. முகாமில் அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிவு செய்ய யாரும் போகவில்லை. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை வைத்து, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3)இன் கீழ் தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்கிய பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்க முடிந்தது.

அந்த இரண்டாவது தேதிக்குப் பின் பிறந்து மாட்டுபவர்கள் குழந்தைகள். சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் முகாம் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, 2009இல் பெண் குழந்தை பெற்றார். அப்பா இந்தியர், குழந்தை இங்கே பிறந்தது, வேறென்ன வேண்டும் என்றுதான் எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் நான் கேட்ட அத்தனை பேரும் சொன்னார்கள். வேண்டும். படகில் வந்த தாயைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று கொண்டால் குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகாது. இதைத் தெரிந்த வக்கீல் வேறு விதமாக வழக்கைக் கட்டுவார். தெரியாதவர் அலட்சியமாக ஒரு விண்ணப்பம் போட்டு, மறுப்பு உத்தரவு ஒன்றைக் கையில் வாங்கிக் கொடுத்துவிடுவார். அந்த மறுப்பு பிறகு ஒவ்வொரு மேசையிலும் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கு நடத்துகிற எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, நாம் வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதி வெற்றி. வெளிநாட்டினர் சட்டத்தில் அது தலைகீழ். நான் வெளிநாட்டினன் அல்ல என்று காட்ட வேண்டிய பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். பழைய சட்டத்தின் 9ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது, புதிய சட்டமும் அதை வைத்திருக்கிறது. பழக்கதோஷத்தில் மௌனமாக இருக்கும் வக்கீல் கட்சிக்காரரைக் கைவிட்டவர் ஆகிறார். புத்தகத்தைப் படித்தால் மட்டும் இந்தப் பழக்கம் மாறாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து, ஆவணத்தை மேசையில் பரப்பி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டு, நாம் தவறிய இடத்தைக் காட்டினால்தான் மாறும்.

பயிற்சியை யார் கொடுப்பது? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கள் ஊர்களில் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்களைச் சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருடன் இன வன்முறைக்கு ஆளானவர்களையும் சேர்த்தே சொல்கிறது. 'நபர்' என்றுதான் சொல்கிறது, 'குடிமகன்' என்று சொல்லவில்லை. முகாம் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை. முகாம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களில் ஐந்து பேரையாவது தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் மாதம் ஒரு சனிக்கிழமை வீதம் குடியுரிமைச் சட்டமும் வெளிநாட்டினர் சட்டமும் பயிற்றுவிக்க வேண்டும். கண்டிப் பாஸ்போர்ட்டையும் சிங்களப் பிறப்புச் சான்றையும் தோட்டத்துக் காகிதங்களையும் பார்த்தவுடன் அடையாளம் காணச் சொல்லித்தர வேண்டும். இலங்கைச் சட்டமும் வேண்டும். திரும்பிப் போக விரும்பும் குடும்பம், இங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யாமல் விட்டால் அந்தப் பிள்ளை அங்கேயும் ஆவணமில்லாதவனாகப் போய் நிற்பான். அந்த ஆலோசனையும் எங்களிடம்தான் கேட்கப்படுகிறது.

பயிற்சியில் ஒரு அமெரிக்க ஏற்பாட்டையும் சொன்னார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1979 முதல் குடியேறியோர் சட்ட வள மையம் ஒன்று இயங்குகிறது. சிற்றூர் வழக்கறிஞரோ தொண்டு நிறுவன ஊழியரோ சிக்கலான வழக்கு வந்தால் அந்த மையத்தைக் கேட்கலாம். அன்றைய முறைக்கு உரிய நிபுணர் பதில் சொல்வார். நாங்கள் யாரைக் கேட்பது? ஒரே ஒரு மூத்த வழக்கறிஞர் சென்னையில் இருக்கிறார், நானும் இன்னும் நான்கைந்து மாவட்டத்தாரும் அவரைத்தான் இரவு ஒன்பது மணிக்குமேல் அழைத்துத் தொந்தரவு செய்கிறோம். அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஒரு மாநிலத்தின் தேவை ஒரு மனிதரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருப்பது சரியல்ல. மாநில ஆணைக்குழு இதற்கென ஒரு தொலைபேசி எண்ணும், பதில் சொல்ல இரண்டு நிபுணர்களும் ஏற்பாடு செய்தால் போதும்.

அமெரிக்காவில் இன்னொரு வழியும் உண்டு. வழக்கறிஞர் அல்லாதவர்களும், அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்தில் பணியாற்றி, குடியேற்றச் சட்டத்தில் பயிற்சி பெற்றிருந்தால், நீதித்துறை அமைச்சகத்தின் அனுமதியுடன் குடியேற்ற வழக்குகளில் பிரதிநிதியாக நிற்கலாம். இதைக் கேட்டபோது எனக்கு என் அலுவலகப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

அவள் முகாமில் பிறந்தவள். சட்டம் படித்து முடித்துவிட்டாள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆவது பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு செய்ய இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது. பிற நாட்டவருக்கு, அவர் நாட்டில் இந்தியர் தொழில் செய்ய முடியுமானால் மட்டுமே இடம். அவள் எந்த நாட்டவள் என்பதே தீராத கேள்வி. எனவே பட்டம் சுவரில் தொங்குகிறது, அங்கி இல்லை. என் அலுவலகத்தில் மனுக்களைத் தட்டச்சு செய்கிறாள், பல நேரங்களில் வரைவதும் அவள்தான். முகாமில் எந்த வீட்டில் எந்தக் காகிதம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். பாட்டிமார்கள் என்னிடம் சொல்லத் தயங்குவதை அவளிடம் சொல்கிறார்கள். தகரப் பெட்டியை இரண்டாம் முறை தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் அவள்தான். "மேடம், எனக்கு அங்கி கிடைக்கும்போது கிடைக்கட்டும், அதுவரை இந்த வேலையைச் செய்ய ஒரு அடையாள அட்டையாவது தருவார்களா?" என்று கேட்டாள்.

தரலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009 முதல் சட்டத் தன்னார்வலர்கள் திட்டத்தை நடத்தி வருகிறது. ஒவ்வொரு முகாமிலும் இரண்டு இளைஞர்களை அதில் சேர்த்து, குடியுரிமை ஆவணங்களில் தனிப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை வழங்க வேண்டும். குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று முகாம் வாசலில் நின்று பணம் பிடுங்குகிற இடைத்தரகர்களை விரட்டவும் அதுதான் நேரான வழி.

2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த ஒரு இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, எல்லோரையும் ஏற்றுக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துத் தெரிவித்தது. அதைப் படித்துவிட்டு, இனி எந்த மனுவும் போட முடியாது போலிருக்கிறதே என்று கைவிட்ட வக்கீல்களை நான் அறிவேன். அதே உச்ச நீதிமன்றம் 1996இல் அருணாசலப் பிரதேசத்தின் சக்மா அகதிகள் வழக்கில், அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2025 மே மாதத்துக் கருத்து செய்தியாக ஊர் ஊராகப் போய்விட்டது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தமிழில் யார் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்?

தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்று நான் பலரிடம் கேட்டு அலுத்துவிட்டேன். சட்டப் பல்கலைக்கழகமோ பார் கவுன்சிலோ ஆணைக்குழுவோ, யார் போட்டாலும் சரி. 2020 பயிற்சியில் எடுத்த குறிப்புகளிலிருந்து நானும் அந்தப் பெண்ணுமாக ஒரு குயர் நோட்டில் தமிழில் எழுதத் தொடங்கினோம். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. முதலாவதில் தேதிகளும் பிரிவுகளும், இரண்டாவதில் ஒவ்வொரு ஆவணத்தின் நகலும் அதை எப்படிப் படிப்பது என்பதும் இருக்கின்றன. கட்சிக்காரர் வந்தவுடன் கேட்க வேண்டிய முப்பத்தொரு கேள்விகளும் அதில் உண்டு. 'பெட்டியில் பாஸ்போர்ட் இருக்கிறதா, எந்த நாட்டுடையது?' என்பது முதல் கேள்வி. 'இதற்கு முன் எந்த வழக்கிலாவது அபராதம் கட்டினீர்களா?' என்பது இரண்டாவது.

தகுதியுள்ள ஒருவர் பிழை திருத்தித் தந்தால், எந்த நிறுவனம் அச்சிட முன்வந்தாலும் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறோம். அதுவரை, முகாம் உள்ள ஊர்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டால் முதல் இரண்டு நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவைக்கிறேன். 2025 செப்டம்பருக்குப் பிந்தைய சட்டம் மூன்றாவது நோட்டில் இருக்கிறது. அதில் இன்னும் பதினெட்டுப் பக்கம்தான் ஆகியிருக்கிறது.

கட்சிக்காரர்களின் அடையாளம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்கறிஞர்,
சத்தியமங்கலம்.